கொள்ளைநோய்க் காலத்துப் பிறர்சிநேகம்

ஆண்டவராகிய சேசுநாதர் திருவுளம்பற்றின நல்ல சமாரியன் உவமையை நாம் எல்லோரும் சிறுபிராயமுதல் கேட்டிருக்கிறோம். அடிபட்டு வழியோரத்திலே குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு இருவர் ஒதுங்கிப்போனார்கள், ஒருவன் கிட்டப்போனான். கிட்டப்போனவனே பிறர்சிநேகம் உள்ளவன் என்று ஆண்டவர் நமக்குப் படிப்பித்தார்.

ஆனால் 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நமக்குச் சொல்லப்பட்டது என்ன? ஒதுங்கியிருங்கள் என்பதுதான். அம்மாதம் 25-ந் தேதிமுதல் தேசமெங்கும் ஊரடங்கு. கோயில்கள் சாத்தப்பட்டன. பாஸ்குத் திருநாளுக்குக்கூடச் சனங்கள் பூசைகாண வரக்கூடாதென்றாயிற்று. நம்முடைய ஆரோக்கிய மாதாவின் பெரிய திருநாளோ, 2020-லும் 2021-லும் யாத்திரிகர் கூட்டமில்லாமலே நடந்தேறியது. ஆகஸ்டு 29-ந் தேதி கொடியேறியபோது அதைக் காண ஊர்ச்சனங்களும் இல்லை, வெளிச்சனங்களும் இல்லை. காவி உடுத்தி, பாதம் கொப்புளிக்க நடந்து வருகிறவர்கள் அந்த இரண்டு வருஷமும் தங்கள் வீட்டிலிருந்தே தொலைக்காட்சிப் பெட்டியின்முன் முழந்தாளிட்டார்கள்.

அப்போது இரண்டு கேள்விகள் பலர் மனதிலே எழுந்தன. வியாதிஸ்தருக்கெல்லாம் ஆரோக்கியம் கொடுக்கிற தாய், வியாதிக் காலத்திலே தன் வாசலைச் சாத்திக்கொண்டாளே, இதென்ன என்பது ஒன்று. பக்கத்து வீட்டில் சுரமாய்க் கிடந்தவனை எட்டிப்பாராத நாமும், உவமையிலே ஒதுங்கிப்போன ஆசாரியனும் லேவியனும் ஒன்றுதானோ என்பது மற்றொன்று. நோய் தணிந்துவிட்டது, உலக சுகாதார ஸ்தாபனமும் 2023 மே 5-ந் தேதி அதன் அவசரநிலை தீர்ந்ததென்று அறிவித்தது. ஆனால் இந்தக் கேள்விகள் இன்னும் பல வீடுகளில் ஆறாத புண்ணாயிருக்கின்றன. இப்படிப்பட்ட நோய் மறுபடி வராதென்று சொல்ல யாராலும் கூடாது. மழை விட்ட நாளிலேதான் கூரை வேய வேண்டும். ஆகையால் இன்றைக்கு இதைக் குறித்துத் தியானிப்போம்.

கொள்ளைநோயை முதன்முதல் கண்டவர்கள் நாமல்ல. நமக்கு முன்னிருந்தவர்கள் கண்டார்கள். கண்டதை எழுதியும் வைத்தார்கள். கி.மு. 430-ல் ஆதென்ஸ் பட்டணத்தில் வந்த நோயைத் துசிதிதேஸ் என்கிற சரித்திரக்காரர், தாமே அந்நோயில் விழுந்து எழும்பினவராய் எழுதினார். 1348-ல் புளோரன்ஸ் பட்டணம் பட்ட பாட்டைப் பொக்காச்சியோ எழுதினார். 1665-ல் லண்டன் மாநகரில் உண்டான கொள்ளைநோயைக் குறித்து டேனியல் டீபோ 1722-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். இத்தாலிய தேசத்துக் கத்தோலிக்க ஆசிரியரான மன்சோனி, 1630-ல் மிலான் பட்டணத்தில் நடந்ததைத் தம்முடைய பெரிய நாவலிலே விவரித்தார். தேசம் வேறு, காலம் வேறு, வேதமும் வேறு. ஆனாலும் இவர்கள் எல்லோரும் ஒரு காரியத்தைச் சொல்லுகிறார்கள்: நோயைவிட அதிகமாய் மனிதரைக் கெடுத்தவை மூன்று பாவங்கள். மறைத்தல் ஒன்று, பழிசுமத்தல் ஒன்று, கைவிடுதல் ஒன்று. இவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, நம்முடைய நடத்தைக்குப் பக்கத்திலே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, மறைத்தல். மிலான் பட்டணத்தில் நோய் தலைகாட்டினபோது, அது கொள்ளைநோய்தான் என்று சொன்ன வைத்தியர்களைச் சனங்கள் பகைத்தார்கள். லுதோவிக்கோ செத்தாலா என்கிற கீர்த்திபெற்ற வைத்தியர், ஏறக்குறைய எண்பது வயதுக் கிழவர். 1576-ல் வந்த கொள்ளைநோயிலும் உழைத்தவர். அவர் பல்லக்கில் போகும்போது சனக்கூட்டம் அவரை வளைத்துக்கொண்டு, ஊருக்குப் பயம் உண்டாக்குகிறவன் இவனே என்று கூச்சலிட்டது. பக்கத்து வீட்டில் நுழைந்து உயிர்தப்பினார். அதிகாரிகளோ, நோய் வாசற்படி ஏறுகிற சமயத்திலே இராஜகுமாரன் பிறந்ததற்காகப் பொதுக் கொண்டாட்டம் நடத்தினார்கள். முதலில் கொள்ளைநோய் என்ற பெயரையே சொல்லக்கூடாது என்றார்கள். பிறகு அது ஒருவித விஷசுரம் என்றார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டபோது காலம் தப்பிப்போயிற்று. ஏறக்குறைய 1,30,000 சனமிருந்த பட்டணத்தில் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். லண்டனிலும் அப்படியே, வீட்டைப் பூட்டிக் காவல் வைப்பார்களே என்ற பயத்தினால், கொள்ளைநோயில் செத்தவர்களை வேறு வியாதியில் செத்ததாக எழுதிவைக்கச் செய்தார்கள் என்று டீபோ சொல்லுகிறார்.

நம் நாட்களில் எப்படியிருந்தது? சுரம் கண்டவன் அது மழைச்சளிதான் என்று சொல்லிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனான். வாசலில் தகரம் அடித்துவிடுவார்களே, தெருவிலே தலைகாட்ட முடியாதே என்று வியாதியை ஒளித்தவர்கள் உண்டு. அவர்களை மாத்திரம் குற்றஞ்சொல்ல வேண்டாம். ஒளிக்கும்படி அவர்களை ஓட்டினது யார்? வியாதிக்காரனைக் குற்றவாளியைப்போல் பார்த்த நம்முடைய கண்களல்லவோ? உண்மையைச் சொன்னவனுக்கு அவமானம் கிடைக்கிற ஊரிலே ஒருவனும் உண்மை சொல்லமாட்டான். ஆகையால் வியாதியை வெளியே சொல்லுகிறது வியாதிக்காரனுடைய கடமை. சொன்னவனை அவமானப்படுத்தாமல் தாங்குகிறது அயலானுடைய கடமை. இந்த இரண்டாவது கடமை இல்லாத இடத்தில் முதலாவது நிலைக்காது.

இரண்டாவது, பழிசுமத்தல். 1630 ஜூன் 21-ந் தேதி மழைபெய்கிற காலைப்பொழுதில், மிலான் பட்டணத்து ஸ்திரீ ஒருத்தி தன் ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தாள். ஒரு மனிதன் சுவரோரமாய் நடந்து, சுவரிலே கையைத் தேய்த்துக்கொண்டு போனான். அவன் பெயர் பியாத்சா. சுகாதார இலாகாவில் வேலை செய்கிறவன். மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாய்ப் போனான். எழுதுகிற வேலையில் விரலில் பட்ட மையைத் துடைத்திருப்பான். ஆனால் அவன் விஷம் பூசுகிறான் என்று அவள் சொன்னாள். தெரு முழுதும் சொல்லிற்று. அவனைச் சித்திரவதை செய்து, இன்னும் யார் யார் என்று கேட்டார்கள். வேதனை தாங்காமல் மோரா என்கிற நாவிதன் பெயரைச் சொன்னான். ஆகஸ்டு முதல் தேதி இருவரையும் கொடுமையாய்க் கொன்றார்கள். நாவிதன் வீட்டை இடித்து, அந்த இடத்தில் அவன் பேருக்கு அவமானமாக ஒரு தூணை நாட்டினார்கள். அது 1778-ம் வருஷமட்டும் நின்றது. பின்னாலே அந்தத் தூண் நாவிதனுக்கல்ல, நியாயாதிபதிகளுக்கே அவமானமாயிற்று. குற்றமற்றவர்களைக் கொன்றது அக்காலத்து அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடாது, நியாயாதிபதிகள் தங்கள் மனச்சாட்சிக்குச் செவிகொடுத்திருந்தால் அப்போதே உண்மையைக் கண்டிருப்பார்கள் என்று மன்சோனி தனியாக ஒரு நூலே எழுதினார்.

இதற்கு முந்தி 1348-ல் ஐரோப்பா முழுதும் கொள்ளைநோய் பரவினபோது, யூதர்கள் கிணறுகளில் விஷம் போட்டார்கள் என்று சொல்லி அநேகம் பட்டணங்களில் அவர்களைக் கொளுத்தினார்கள். அப்போது பாப்பரசராயிருந்த ஆறாம் கிளெமென்ஸ் அந்த வருஷத்திலேயே இரண்டு நிருபங்கள் அனுப்பி அதைக் கண்டித்தார். யூதர்களும் அதே நோயினால் சாகிறார்கள்; யூதர்களே இல்லாத தேசங்களிலும் நோய் இருக்கிறது; ஆகையால் இந்தப் பழி பொய் என்று நியாயம் காட்டினார். பயத்தினால் புத்தி மங்கின காலத்திலே திருச்சபையின் தலைவர் சனங்களுக்குப் புத்தியை உபயோகிக்கும்படி சொன்னார் என்பதை நாம் மறவாதிருக்கக் கடவோம்.

2020-ம் வருஷத்தில் நாம் என்ன செய்தோம்? டில்லி மாநகரில் நடந்த ஒரு முகமதிய சமயக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களில் சிலருக்கு நோய் கண்டதும், தேசமெங்கும் அந்தச் சமூகத்தார் எல்லோர்மேலும் பழியைப் போட்டார்கள். அவர்கள் கடையில் காய்கறி வாங்கலாகாதென்று சொன்னவர்களும் உண்டு. வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டணத்தைத் தாண்டினால் நாகூர். நாகூரார் நம் மாதா கோயிலுக்கு வருவதும், நம்மவர்கள் நாகூருக்குப் போவதும் நெடுநாளைய வழக்கம். அப்படியிருந்தும், செல்போனிலே வந்த அவதூறைப் படித்துப் பார்க்காமலே அடுத்தவனுக்குத் தள்ளிவிட்ட கைகள் நம்மிடத்திலும் இருந்தனவோ என்று ஒவ்வொருவரும் ஆத்தும சோதனை செய்துகொள்ளட்டும். அந்த மிலான் ஸ்திரீ ஜன்னலிலிருந்து ஒருத்தி காதிலே சொன்னாள். நாம் ஒரு விரல் அசைத்து நூறு பேருக்குச் சொல்லிவிடுகிறோம். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும்படி சர்வேசுரன் கொடுத்த கற்பனை செல்போனுக்கும் செல்லும்.

மூன்றாவது, கைவிடுதல். புளோரன்ஸ் பட்டணத்தைப் பற்றி எழுதின பொக்காச்சியோ, சகோதரன் சகோதரனை விட்டான், மனைவி புருஷனை விட்டாள், தாய் தகப்பன்மாரே தங்கள் பிள்ளைகளைப் பாராமல் விட்டார்கள் என்று மனம் நொந்து சொல்லுகிறார். நம் அண்டை நாடான கன்னடத்தில் யு. ஆர். அனந்தமூர்த்தி 1965-ல் வெளியிட்ட ஸம்ஸ்காரா என்கிற நாவலிலும் இதே காரியம் வருகிறது. பிளேக் நோய் நுழைந்த ஓர் அக்கிரகாரத்தில் ஒருவன் சாகிறான். அவன் ஆசாரம் கெட்டவன். ஆகையால் யார் கொள்ளி வைப்பது என்ற வாக்குவாதத்திலே பிரேதம் கிடந்தபடி கிடக்கிறது. கடைசியில் இராத்திரியிலே இரகசியமாய் அதைக் கொண்டுபோய்ச் சுடுகிறவன் ஒரு முகமதியன். சாஸ்திரம் படித்தவர்களால் ஆகாதது, இரக்கமுள்ள ஒரு வியாபாரியால் ஆயிற்று.

அது கதை. கதையைவிடக் கொடியது நம் கண்முன் நடந்தது. 2020 ஏப்ரல் மாதம் சென்னைப் பட்டணத்திலே, வியாதிக்காரருக்கு வைத்தியம் பார்த்த ஒரு வைத்தியர் அந்நோயினாலேயே இறந்தார். அவருடைய உடலை அடக்கஞ்செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. முறைப்படி அடக்கஞ்செய்த உடலிலிருந்து நோய் பரவாதென்று சொல்லப்பட்டும் அவர்கள் கேட்கவில்லை. முடிவில் உடன் வேலைசெய்த மற்றொரு வைத்தியர், ஆஸ்பத்திரி ஊழியர் இருவரோடு இராத்திரியிலே தம் கையாலே மண்ணைத் தள்ளி அடக்கஞ்செய்தார். மரித்தோரை அடக்கம்பண்ணுகிறது தயையின் கிரியை என்று ஞானோபதேசத்தில் படித்தோம். தொபியாசு, இராஜ தண்டனைக்கும் அஞ்சாமல் அனாதைப் பிரேதங்களை அடக்கம்பண்ணினதை வேதாகமத்தில் கேட்டோம். பிரேதத்தைத் தடுக்கிறவனைத் தண்டிக்க அரசாங்கம் அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்றே!

வேளாங்கண்ணிச் சனங்களாகிய நமக்கு இது அதிக வெட்கம் தரவேண்டும். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்தபோது, கிறிஸ்துமஸ் திருநாளுக்கு வந்திருந்த யாத்திரிகர் எத்தனை பேர் மடிந்தார்கள்! அவர்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி தெரியாது. ஆயினும் கைகள் அருவருக்கவில்லை. எடுத்தார்கள், சுமந்தார்கள், அடக்கம் பண்ணினார்கள். அதே மனிதர் வாழ்கிற நாட்டிலே பதினாறு வருஷத்துக்குள் மனம் கல்லானதெப்படி? கடல் வந்துபோயிற்று, நோயோ பக்கத்திலே நிற்கிறது. பயம் நீடிக்கும்போது இரக்கம் குறைகிறது. ஆனால் எல்லோருக்கும் குறைந்துபோகவில்லை. நம் மாகாணத்தில் பல ஊர்களிலே, எவர்கள்மேல் பழிபோட்டார்களோ அந்த முகமதிய வாலிபர்களே கவச உடை தரித்து, சாதி மத வித்தியாசம் பாராமல் பிரேதங்களை எடுத்து அடக்கஞ்செய்தார்கள். அந்நாளிலே உவமையின் சமாரியன் யாரென்று கேட்டால் வேறு பதில் வேண்டுமோ?

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். ஒதுங்கியிருக்கச் சொன்னதும் கோயிலைச் சாத்தினதும் கைவிடுதல்தானா? அல்லவே அல்ல. விலகியிருக்கிறது வேறு, கைவிடுகிறது வேறு. இதற்குச் சாட்சியாக அர்ச். சார்லஸ் பொரோமேயுவைப் பாருங்கள்.

1576-ல் மிலான் பட்டணத்தில் கொள்ளைநோய் வந்தபோது அவரே அதிமேற்றிராணியார். பெரிய மனிதர் பட்டணத்தைவிட்டு ஓடினார்கள், அவர் ஓடவில்லை. அரமனையிலிருந்த திரைச்சீலைகளையெல்லாம் எடுத்து ஏழைகளுக்கு உடுப்பு தைக்கச் சொன்னார். வியாதிக்காரரிடம் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்தார். ஆனால் சனங்கள் வீட்டைவிட்டு வெளிவரலாகாதென்று கட்டளை பிறந்தபோது, அதை மீறி எல்லோரும் கோயிலுக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. தெருச்சந்திகளிலே பீடங்களை அமைத்து, அங்கே பூசை செய்வித்தார். சனங்கள் தங்கள் தங்கள் ஜன்னலிலிருந்தே பூசை கண்டார்கள். சனங்கள் கோயிலுக்கு வரக்கூடாதபோது கோயில் சனங்களிடம் போயிற்று. நம்முடைய காலத்தில் பீடம் தொலைக்காட்சிப் பெட்டியிலே வந்தது, அவ்வளவே வித்தியாசம்.

அதே பட்டணத்தில் 54 வருஷங்களுக்குப் பின் நடந்ததையும் கேளுங்கள். 1630-ல் அதிமேற்றிராணியாராயிருந்தவர் அந்த அர்ச்சியசிஷ்டவரின் உறவினரான கர்தினால் பெதெரிகோ பொரோமேயு. அர்ச். சார்லஸின் திருச்சரீரத்தைச் சுற்றுப்பிரகாரமாய்க் கொண்டுவர வேண்டுமென்று பட்டணத்தார் கேட்டார்கள். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று சொல்லி அவர் முதலில் மறுத்தார். மறுபடி மறுபடி வற்புறுத்தவே இணங்கினார். ஜூன் 11-ந் தேதி பட்டணம் முழுதும் திரண்டது. அதன்பின் சாவுகள் எல்லாப் பேட்டைகளிலும் ஒரேயடியாய்ப் பெருகின. பக்தி குறைந்ததனாலா? இல்லை, பக்தி நிறைய இருந்தது, அதனோடு நெருக்கமும் இருந்தது. சனங்களோ கூட்டத்தைக் காரணமென்று எண்ணாமல், கூட்டத்திலே யாரோ விஷப்பொடி தூவினான் என்றார்கள்.

பசாசு ஆண்டவரைத் தேவாலயத்துச் சிகரத்தில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொன்னதை நினைவுகூருங்கள். சம்மனசுகள் தாங்குவார்கள் என்று வேதவாக்கியத்தையும் எடுத்துச் சொல்லிற்று. ஆண்டவர் குதித்தாரா? சர்வேசுரனைப் பரிசோதிக்கலாகாதென்று மறுத்துவிட்டார். மாதா காப்பாற்றுவாள் என்று சொல்லி வியாதியோடு கூட்டத்துக்குள் நுழைகிறதும் சிகரத்திலிருந்து குதிக்கிறதும் ஒன்றே. அது விசுவாசமல்ல, தன்னோடு பத்துப்பேரையும் தள்ளுகிற துணிச்சல்.

உரோமாபுரியில் அர்ச். மார்செல்லோ கோயிலிலே ஒரு பழைய பாடுபட்ட சுரூபம் உண்டு. 1519-ல் அக்கோயில் எரிந்தபோது சாம்பலாகாமல் தப்பினது. 1522-ல் கொள்ளைநோய் வந்தபோது சனங்கள் அதைப் பல நாள் தெருத்தெருவாய்ச் சுமந்து மன்றாடினார்கள். அதே சுரூபத்தை 2020 மார்ச்சு 27-ந் தேதி சாயங்காலம் அர்ச். இராயப்பர் முற்றத்திலே வைத்து, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் கொட்டுகிற மழையில் ஜெபித்தார். முற்றம் காலியாயிருந்தது. 1522-ல் திரண்ட கூட்டத்தின் ஜெபத்துக்குச் செவிகொடுத்த ஆண்டவர், காலி முற்றத்து ஜெபத்துக்கும் செவிகொடுத்தார். நம்முடைய திருநாளும் அப்படியே. அந்த இரண்டு வருஷமும் வராமலிருந்தவர்கள், வழியில் எத்தனையோ கிழவரும் சிசுக்களும் நோய்ப்படாதபடி தங்கள் ஆசையை அடக்கிக்கொண்டார்கள். கால்நடையாய் வருகிறது ஒரு தபசானால், மாதாவைக் காண ஆசையிருந்தும் வராமலிருக்கிறது அதிலும் பெரிய தபசு. தாய் தன் வாசலைச் சாத்தினது பிள்ளைகளைத் தள்ளுவதற்கல்ல, காப்பதற்கே.

ஆனால் விலகியிருத்தலுக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்கிறவன் யார் என்று பார்க்க வேண்டும். மெழுகுதிரியும் மாலையும் தென்னங்கன்றும் விற்றுப் பிழைக்கிறவர்கள், விடுதிகளில் கூலிவேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போகமுடியாத மீன்பிடிகாரர், இவர்கள் வீட்டிலே அடுப்பு அணைந்தது. வீட்டில் அரிசியுள்ளவனுக்கு விலகியிருத்தல் ஓய்வு. இல்லாதவனுக்கு அது பட்டினி. லண்டனிலும் வேலையற்றுப்போன ஏழைகளே அதிக அபாயத்தில் நின்றார்கள் என்றும், தர்மப்பணம் வந்திராவிட்டால் பட்டணம் தாங்கியிராதென்றும் டீபோ எழுதுகிறார். ஆகையால் தர்மம் செய்யாமல் விலகியிருக்கிறவன் பாதிக் கடமையைத்தான் செய்தான். விலகியிருக்கிற வாசற்படியிலே ஒருபடி அரிசியை வைத்துவிட்டு நகருகிறவனே முழுக்கடமையும் செய்தவன்.

இன்னும், சிலர் விலகியிருக்கவே கூடாது. கிட்டப்போகிறதே அவர்கள் அழைத்தல். நமக்குச் சமீபமான இலங்கைத் தீவிலே அர்ச். யோசேப் வாஸ் சுவாமியார் அப்படிச் செய்தார். கோவாவில் பிறந்த இவர், ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தை ஒடுக்கின காலத்தில், தூத்துக்குடி வழியாய் 1687-ல் பரதேசி வேஷத்தோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். 1697-ல் கண்டிப் பட்டணத்திலே வைசூரி கண்டது. அரசனும் பிரபுக்களும் பட்டணத்தைவிட்டுப் போனார்கள். வீட்டார் வியாதிக்காரரைக் காட்டிலே கொண்டுபோய்ப் போட்டார்கள். வாஸ் சுவாமியாரும் உடனிருந்த குருவானவரும் குடிசைகள் போட்டு அவர்களைக் கிடத்தி, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, மரித்தவர்களை அடக்கம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களல்ல. சுவாமியார் அதைக் கேட்கவுமில்லை. 2015 ஜனவரி 14-ந் தேதி கொழும்பு நகரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தார். நம் நாட்களில் அந்த ஊழியத்தைச் செய்தவர்கள் வைத்தியர்கள், தாதிமார், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டினவர்கள். வைத்தியனைக் கனம்பண்ண வேண்டும், அவனை உண்டாக்கினவர் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் சொல்லுகிறது. வாஸ் சுவாமியார் கண்ட வைசூரி இன்று உலகத்திலேயே இல்லை. அம்மை குத்துதலினால் அது அற்றுப்போனதென்று 1980-ல் அறிவித்தார்கள். ஆகையால் தடுப்பூசியைத் தள்ளிவிட்டு அற்புதம் கேட்கிறது, கொடுத்த அற்புதத்தை வேண்டாமென்று சொல்லுகிறதாகும்.

கடைசியாக, மிகவும் வேதனையான ஒரு காரியம். ஜெபித்தோமே, நேர்ச்சை செய்தோமே, ஏன் எங்கள் வீட்டில் சாவு வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் பட்டணத்துக் கிறிஸ்தவர்களும் இதையே கேட்டார்கள். அவர்களுடைய மேற்றிராணியாரான அர்ச். சிப்பிரியான் மரணத்தைக் குறித்து ஒரு நூல் எழுதிப் பதில் சொன்னார். பஞ்சமும் யுத்தமும் வியாதியும் எல்லோருக்கும் பொது. கிறிஸ்தவன் இந்தச் சரீரத்தில் இருக்குமட்டும் மற்ற மனிதரோடு எல்லாத் துன்பத்திலும் பங்காளி. நோய் வந்திருப்பது சுகமுள்ளவன் வியாதிக்காரனைக் கவனிக்கிறானா என்று சோதிக்கிறது என்பது அவர் போதகம். அதன்படியே தங்களைத் துன்பப்படுத்தின அஞ்ஞானிகளையும் கவனிக்கும்படி கிறிஸ்தவர்களை ஏவினார்.

சர்வேசுரனை விசுவசியாத பிரெஞ்சு ஆசிரியர் ஆல்பெர் காம்யு 1947-ல் வெளியிட்ட கொள்ளைநோய் என்னும் நாவலில் ஒரு குருவானவர் இரண்டு பிரசங்கம் செய்கிறார். முதற் பிரசங்கத்தில், இது உங்கள் பாவத்துக்கு வந்த தண்டனை என்று சனங்களைப் பார்த்து உரத்துச் சொன்னார். பிறகு ஒரு சிறுபிள்ளை வேதனைப்பட்டுச் சாகிறதைப் பக்கத்திலிருந்து கண்டார். இரண்டாம் பிரசங்கத்தில் அவர் நீங்கள் என்று சொல்லவில்லை. நாம் என்று தாழ்ந்த குரலிலே பேசினார். எழுதினவர் அவிசுவாசியானாலும் இதில் பிரசங்கிகளாகிய எங்களுக்கு நல்ல பாடம் உண்டு. ஒரு வீட்டின் சாவுக்கு அந்த வீட்டாரின் பாவமே காரணமென்று சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் யார் பாவமென்று கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றல்லவோ ஆண்டவர் சொன்னார்?

அவஸ்தைப்பூசுதல் இல்லாமல், கையைப் பிடிக்க ஒருவருமில்லாமல், ஆஸ்பத்திரியில் தனியே கண்மூடினவர்களுக்காக அழுகிறவர்களே, ஆறுதலாயிருங்கள். 2020 மார்ச்சு மாதத்தில் அர்ச். பாப்பரசரின் நீதிமன்றம், அந்நோயில் கிடந்தவர்களுக்குப் பரிபூரண பலன் அளித்தது; தேவதிரவிய அனுமானங்களைப் பெறக்கூடாமல் மரிக்கிறவர்களைத் திருச்சபை முழுதும் தேவ இரக்கத்துக்கு ஒப்படைக்கிறதென்றும் சொல்லிற்று. உத்தம மனஸ்தாபப்படுகிற ஆத்துமத்துக்கு ஆஸ்பத்திரிச் சுவர் தடையல்ல. நாம் போகக்கூடாத அந்த அறைக்குள்ளே ஆண்டவர் போனார். சிலுவையடியிலே நின்ற தாய் அந்தக் கட்டிலடியிலும் நின்றாள்.

ஆகையால், பிரியமான கிறிஸ்தவர்களே, இவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வியாதி கண்டால் மறையாதேயுங்கள். மறைக்கவேண்டிய நிலைக்கு அயலானைத் தள்ளாதேயுங்கள். யாரால் வந்தது என்று தேடாதேயுங்கள். யாருக்கு உதவி தேவை என்று தேடுங்கள். விலகியிருக்கச் சொன்னால் கீழ்ப்படிந்து விலகியிருங்கள். ஆனால் உங்கள் தெருவிலே ஒருவனும் பசியோடும், ஒருவனும் விசாரிப்பாரின்றியும் இருக்கவிடாதேயுங்கள். மரித்தவன் எவனானாலும் அவனுக்கு ஆறடி மண்ணை மறுக்காதேயுங்கள். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களை நினைக்கும் நவம்பர் மாதத்தில், 2020-லும் 2021-லும் உரிய சடங்கின்றி அடக்கஞ்செய்யப்பட்ட உங்கள் உறவின்முறையாரின் பெயர்களை எழுதிக் கொடுத்துப் பூசையில் வேண்டிக்கொள்ளுங்கள். யாருமில்லாமல் மரித்தவர்களையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுகத்திலும் வியாதியிலும் நம்மைக் கைவிடாத ஆரோக்கிய மாதா, ஒருவரையொருவர் கைவிடாத மனதை நமக்குப் பெற்றுத்தரும்படி மன்றாடுவோம். பிதாவும் சுதனும் இஸ்பிரீத்து சாந்துவுமாகிய சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.